செட் என்ற சொல்லை எண்ணிக்கொண்டிருந்த முற்பகல்

1995 நவம்பர் 7, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். ஆறு நாளாகப் பெய்த மழை விடியற்காலையில் ஓய்ந்து, தூறல் மட்டும் நிற்காமல் விழுந்துகொண்டிருந்தது. வானம் நான்கு பக்கமும் மூடிக் கிடந்தது. ஆனைமலைப் பக்கம் ஒரு மலையும் தெரியவில்லை. கிணத்துக்கடவிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் எங்கள் தென்னந்தோப்பில், கிணற்றின் மேற்குக் கரையில் நின்றிருந்தேன். குடைக்காம்பைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கியிருந்தேன். இரண்டு கையிலும் ஒரு கயிறு. அதன் மறுமுனை, கிணற்றுக்குள் நாற்பது அடி ஆழத்தில் சங்கிலியில் தொங்கிய மோட்டார் செட்டில் கட்டியிருந்தது. அந்த மோட்டாரைக் கையால் தாங்கியபடி பாறையில் அடித்த இரும்புக் கம்பியில் ஒரு மனிதர் நின்றிருந்தார். அவர் மேலே வரும்வரை மூன்று பியூஸ் கட்டைகள் என் சட்டைப் பையில் இருக்க வேண்டும். ஒரு கையை விட்டுப் பையைத் தடவிப் பார்த்தேன். இரண்டுதான் இருந்தன.

எனக்கு அப்போது அறுபத்தேழு வயது. பீளமேட்டில் ஒரு நூல் மில்லின் டைம் ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். ஆள் வந்ததையும் போனதையும் எண்ணுவதுதான் அங்கே என் வேலை. ஓய்வுக்குப் பிறகு, அப்பா வைத்துவிட்டுப் போன நாலு ஏக்கர் முப்பது சென்ட் தோப்புக்கு மனைவியோடு வந்து சேர்ந்தேன். மரம் இருநூற்றுப் பன்னிரண்டு. கிணறு அறுபத்தெட்டு அடி. வீட்டு வாசலிலிருந்து கிணற்றுக்கு நூற்று நாற்பது எட்டு. எண்ணும் பழக்கம் என்னைவிட்டுப் போகவில்லை. பயம் வந்தால் அது இன்னும் அதிகமாகும். எதையாவது எண்ணிக்கொண்டிருக்கும்வரை நெஞ்சின் படபடப்பு கொஞ்சம் கட்டுக்குள் இருக்கும்.

அந்தக் கிணறு எனக்கு எப்போதும் பயம்தான். அதிலும் ஐப்பசி மாதத்தில் இரண்டு மடங்கு பயம். எங்கள் பக்கத்தில் தண்ணீர் ஆழத்தில் கிடக்கிறது. பம்பு இருபது அடிக்கு மேல் உறிஞ்சாது. அதனால் மோட்டாரையும் பம்பையும் சேர்த்த செட்டைக் கிணற்றுக்குள்ளேயே, நாற்பத்தெட்டாவது அடியில் குறுக்கே போட்ட இரும்புக் கர்டர் மேல் பூட்டியிருந்தோம். வெயில் காலத்துக்கு அது சரி. மழைக்கு ஊற்று திறந்துகொண்டால் தண்ணீர் ஏறி மோட்டாரை முழுங்கிவிடும். அதற்கு முன்னால் செட்டைச் சங்கிலி போட்டுத் தூக்கி, இருபத்தேழாவது அடியில் இருக்கும் மேல் கர்டரில் வைக்க வேண்டும். எல்லாத் தோட்டத்திலும் வருஷம் ஒரு முறை நடக்கும் வேலை. மற்றவர்கள் அதைப் பல் தேய்ப்பது போலச் செய்வார்கள். நான் ஒரு வாரம் தூங்கமாட்டேன்.

கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் கல் கட்டி இறக்கி நான் தண்ணீரை அளப்பேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தண்ணீர் மோட்டாருக்குப் பதினோரு அடி கீழே இருந்தது. திங்கள் சாயங்காலம் ஐந்தரை அடி. செவ்வாய் காலை ஆறு மணிக்கு மூன்று அடி.

"நீங்க எட்டிப் பாத்தா தண்ணி எறங்கிருமுங்களா? வந்து காப்பியக் குடிங்க" என்றாள் மனைவி.

"மணிக்கு ரண்டரை அங்குலம் ஏறுது."

"ஏறட்டும். மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்பிச்சாச்சில்ல."

ஒன்பது நாற்பதுக்கு மெக்கானிக் மொபெட்டில் வந்தார். பின்னால் சாக்கில் சங்கிலிக் கப்பி. முப்பத்தாறு வயது இருக்கும். கிணத்துக்கடவில் மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். அவருடைய அப்பாவும் அம்மாவும் எங்கள் தோட்டத்தில் பண்ணை வேலை செய்தவர்கள். அவருடைய அப்பா எங்கள் அப்பாவைச் 'சாமி' என்று கூப்பிட்டார். எங்கள் அப்பா அவரைப் பேர் சொல்லி 'டா' போட்டார். மகன் ஐ.டி.ஐ. படித்து, கடை போட்டு, இப்போது என்னை 'ஐயா' என்பார். நான் 'தம்பி' என்பேன். அந்த இடத்துக்கு இரண்டு குடும்பமும் வந்து சேர முப்பது வருஷம் ஆகியிருந்தது.

"ஏனுங்கய்யா, ராத்திரி தூங்குனீங்களா?" என்றார் வண்டியை நிறுத்தியபடியே.

"இப்ப ரண்டே கால் அடிதான் இருக்குது தம்பி. அளந்துதான் சொல்றேன்."

"ஊர்ல எல்லாரும் மழைய அளப்பாங்க. கெணத்த அளக்கறவரு நீங்க ஒருத்தருதானுங்க."

சங்கிலியை இழுக்கக் கிழக்குத் தோட்டத்துக்காரரை வரச்சொல்லியிருந்தேன். ஐம்பது வயது, பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. கிணற்றின் வாய்க்குக் குறுக்கே கிடந்த இரும்பில் கப்பியைத் தொங்கவிட்டார்கள். பிறகு மெக்கானிக்கும் நானும் மோட்டார் ரூமுக்குப் போனோம். அது கிணற்றுக் கரையிலிருந்து அறுபத்திரண்டு எட்டுத் தூரத்தில், வீட்டுக்குப் போகும் வழியில் இருக்கும் சின்ன ஓட்டுக் கட்டடம். சுவரில் மெயின் சுவிட்ச், அதன் பக்கத்தில் வரிசையாக மூன்று பீங்கான் பியூஸ் கட்டை, கீழே ஸ்டார்ட்டர்.

கிணற்றுக்குள் ஆள் இறங்கும்போது எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. சுவிட்சை அணைத்தால் போதாது. சுவிட்சை யாரும் போட்டுவிடலாம். மூன்று பியூஸ் கட்டைகளையும் பிடுங்கி, மேலே நிற்கிறவர் தன் உடம்பில் வைத்துக்கொள்ள வேண்டும். இறங்கினவர் ஏறி வந்த பிறகுதான் அவை திரும்பிப் போகும். அதுவரை மேலே நிற்கிறவர் கரையைவிட்டு நகரக் கூடாது. மும்முனைக் கரண்ட் இல்லாத நேரத்திலும் இரண்டு கம்பியில் கரண்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கும். தண்ணீரில் நிற்கிறவனுக்கு ஒரு கம்பி போதும்.

பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு மூன்றையும் நான்தான் பிடுங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டே எண்ணினேன். மெக்கானிக் திருப்புளியை எடுத்துக்கொண்டு, "நீங்க போங்க, நான் ஸ்டார்ட்டர ஒரு பார்வை பாத்துப்போட்டு வாரேன்" என்றார். நான் கிணற்றடிக்குப் போனேன். ஒரு நிமிஷத்தில் அவரும் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, துண்டைத் தலையில் கட்டி, படியில் இறங்கினார். படிகள் முப்பதாவது அடியோடு முடிந்துவிடும். அதன் கீழே பாறையில் அடித்த இரும்புக் கம்பிகளைப் பிடித்து இறங்க வேண்டும். கம்பிகள் பதினாறு. பதினாறையும் அவர் கால் வைக்க வைக்க நான் எண்ணினேன்.

கீழே போய் நட்டுகளைக் கழற்றி, சங்கிலியை மாட்டி, "இழுங்க" என்று குரல் கொடுத்தார். கிழக்குத் தோட்டத்துக்காரர் இழுக்க ஆரம்பித்தார். என் வேலை எதிர்க்கரையில் கயிற்றை இறுக்கிப் பிடிப்பது. செட்டு தொங்கி ஆடிப் பாறையில் இடிக்காமல் அந்தக் கயிறுதான் நடுவில் நிறுத்தும். மெக்கானிக் அதற்குச் சமமாகப் பக்கத்திலேயே கம்பிகளில் ஏறி வந்தபடி, ஒரு கையால் அதைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு வந்தார். மோட்டாருக்குப் போகும் கேபிளைக் கழற்றவில்லை. அது நீளமாகவே விட்டிருந்தது, செட்டோடு சேர்ந்து மேலே வந்தது. நூற்றிருபது கிலோ அந்த மனிதரின் தோளுக்குப் பக்கத்தில் ஒரு கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. எண்ண எதையாவது தேடினேன். சங்கிலியின் இழுப்புகளை எண்ணினால் கணக்கு அவ்வப்போது தவறியது. அதனால் 'செட்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சொல்லை நான் ஏற்கெனவே கொஞ்சம் ஆராய்ந்திருந்தேன். டவுன்ஹால் பக்கம் நடைபாதையில் அட்டை இல்லாமல் வாங்கிய பழைய ஆங்கில அகராதி ஒன்று என்னிடம் உண்டு. மற்ற சொற்களுக்கு அதில் கால் பத்தி, அரைப் பத்தி. இந்த மூன்றெழுத்துச் சொல்லுக்குப் பக்கம் பக்கமாகப் போகிறது. வெள்ளைக்காரன் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எப்படிக் காலம் தள்ளினான் என்று எனக்கு ஆச்சரியம். பிறகு யோசித்தால் நாமும் அதைத்தான் செய்கிறோம். எங்கள் ஊரில் பேச்சுக்குப் பேச்சு 'செட்டு' வரும்.

மோட்டார் செட்டு, ஒன்று. மேல் வரிசையில் நான் போட்டிருக்கும் பல் செட்டு, இரண்டு. கல்யாணத்துக்கு மைக் செட்டு, மூன்று. பேண்டு செட்டு நான்கு. இரண்டும் கூலிக்கு வருகிறவைதான், ஆனால் ஒன்று சாமான், மற்றது ஆட்கள். அதனால் தனித்தனியாகவே எண்ணினேன். ஓட்டலில் செட் தோசை ஐந்து. 'அவன் எங்க செட்டு' என்றால் கூடப் படித்தவன், ஆறு. 'செட்டுச் சேந்துட்டானுக' என்றால் கெட்ட கூட்டாளிகள், ஏழு. சீட்டாட்டத்தில் செட்டு எட்டு. தளம் போட்ட கொத்தனார், 'செட் ஆகட்டுமுங்க, கால் வெக்காதீங்க' என்பார், ஒன்பது. சம்பந்தம் பேசப் போய்த் திரும்பி வந்தவர்கள், 'செட் ஆகலைங்க' என்பார்கள், பத்து. கடிகாரத்தில் அலாரம் செட் பண்ணுவது பதினொன்று. தகரக் கொட்டகையையும் எங்கள் ஆட்கள் செட்டு என்றுதான் சொல்வார்கள். அது 'ஷெட்' என்ற வேறு சொல், உச்சரிப்புக் கோளாறு. அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

செட்டு நாற்பதாவது அடிக்கு வந்திருந்தது. ஊர் அர்த்தங்கள் தீர்ந்துபோய் அகராதிக்குப் போனேன். அங்கேதான் வினை. சூரியன் சாய்வதற்கும் அந்தச் சொல்தான். கண்ணி வைப்பதற்கும் அதுதான். ஒன்றின் மேல் தீ வைப்பதற்கும், நாயை ஏவி விடுவதற்கும் அதுதான். பயத்தை அடக்க எண்ண ஆரம்பித்தால் பயப்படுகிற அர்த்தமாக வந்து விழுந்தது. பதினைந்தோடு நிறுத்திவிட்டுக் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நின்றேன்.

அப்போது வீட்டுப் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது. கரகரவென்று ஒரே சீராக, கல் மேல் கல் உருளும் சத்தம். எங்கள் வீட்டு மாவுக் கிரைண்டர்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். விவசாய மோட்டாருக்கு வரும் கரண்டுக்குக் காசு கிடையாது. வீட்டுக் கரண்டுக்கு மீட்டர் உண்டு. நாலு வருஷத்துக்கு முன், மீட்டர் ஓடுவதைப் பார்த்துப் பார்த்து மனசு கேட்காமல், மோட்டார் ரூமின் மூன்றாவது பியூஸிலிருந்து ஒரு ஒயரை எடுத்து, தென்னை மரங்கள் வழியாக வீட்டின் பின்பக்கம் கொண்டுபோய்க் கிரைண்டருக்குக் கொடுத்திருந்தேன். யாருக்கும் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். கிரைண்டர் ஓடுகிறது என்றால் மூன்றாவது பியூஸ் போர்டில் இருக்கிறது என்று அர்த்தம். அப்போதுதான் கையை விட்டுச் சட்டைப் பையைத் தடவினேன்.

எல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. மூன்றையும் பிடுங்கினது உண்மை. இரண்டைப் பையில் போட்டதும் உண்மை. மூன்றாவது கையில் இருக்கும்போது, வெளியே தூறலைப் பார்த்து, குடையை விரிக்கக் கை வேண்டும் என்று அதை ஸ்டார்ட்டர் பெட்டி மேல் வைத்தேன். குடையை விரித்தேன். வந்துவிட்டேன். முப்பத்தொரு வருஷம் ஆயிரத்து இருநூறு ஆளை மூன்று ஷிப்டுக்கும் எண்ணினவன், மூன்று கட்டையில் ஒன்றைத் தவறவிட்டேன்.

கீழே பார்த்தேன். மெக்கானிக்கின் வலது கை கம்பியில் இருந்தது. இடது உள்ளங்கை மோட்டாரின் முதுகில் இருந்தது. உடம்பெல்லாம் ஈரம். பாறையிலிருந்து ஊற்றுத் தண்ணீர் அவர் தோளில் சொட்டிக்கொண்டிருந்தது. கரண்ட் கேபிள் வழியாக இறங்கி எந்த நொடியிலும் அந்தக் கைக்கு வரலாம். இன்னும் வரவில்லை என்பதே எனக்குப் புரியவில்லை.

கத்தியிருக்கலாம். கத்தவில்லை. பயம் ஒரு காரணம். அதைவிட வெட்கமான காரணம் ஒன்றும் இருக்கிறது. கத்தினால் கிழக்குத் தோட்டத்துக்காரருக்கு அந்தத் திருட்டு ஒயர் தெரிந்துவிடும் என்று ஒரு கணம் யோசித்தேன். ஒரு உயிரையும் ஒரு ஒயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு கணம் பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று நான் எண்ணவில்லை. என் வாழ்க்கையில் எண்ணாமல் விட்ட நேரம் அது ஒன்றுதான்.

பிறகு ஓடினேன். குடை விழுந்தது. பல் செட்டு வாய்க்குள் தளர்ந்து ஆடியது. ஈரத்தில் இரண்டு முறை சறுக்கினேன். மோட்டார் ரூமுக்குள் போனதும் கண் இருட்டியது. சுவரைத் தடவினேன். மூன்றாவது இடத்தில் வெள்ளையாக அது உட்கார்ந்திருந்தது. பிடித்து இழுத்தேன். வீட்டுப் பக்கம் கிரைண்டர் சத்தம் மெல்லத் தேய்ந்து நின்றது. தோப்பு அமைதியானது. அந்த அமைதியில்தான் கிணற்றிலிருந்து அந்தக் குரல் வந்தது. வார்த்தை இல்லாத குரல். அதற்கு முன்னால் இரும்பு பாறையில் மோதும் சத்தம் ஒன்று கேட்டதா என்று இன்றுவரை எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

என் கையைப் பார்த்தேன். கயிறு இல்லை. கயிற்றைக் கரையிலேயே போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறேன்.

திரும்பிப் போகும்போது ஓட முடியவில்லை. மூன்றாவது கட்டையை நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அறுபத்திரண்டு எட்டும் எனக்குத் தெரிந்த அத்தனை சாமியையும் கூப்பிட்டேன். கிழக்குத் தோட்டத்துக்காரர் கரையில் குனிந்து, "கம்பிய உட்றாத தம்பி, கம்பிய உட்றாத" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கயிறு விட்டதும் செட்டு ஆடி, பாறையில் போய் இடித்திருக்கிறது. நடுவில் மெக்கானிக்கின் இடது கை. நல்லவேளையாக வலது கை கம்பியை விடவில்லை. அவர் ஒற்றைக் கையால் கம்பிகளில் ஏறி, படிக்கு வந்து, படியில் உட்கார்ந்துவிட்டார். தலைத் துண்டைக் கையில் சுற்றியிருந்தார். அது வேகமாகச் சிவந்துகொண்டிருந்தது. முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. கிழக்குத் தோட்டத்துக்காரர் இறங்கிப்போய்க் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்.

"அண்ணா, எங்கீங்க போனீங்க?" என்று அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். "போறவரு கயித்த அந்தக் கல்லுல ஒரு சுத்துச் சுத்திப்போட்டுப் போயிருக்கலாமுங்களே."

நான் மூன்றாவது கட்டையை நீட்டிக் காட்டினேன். கிரைண்டர், ஒயர், எல்லாவற்றையும் குளறிக் குளறிச் சொன்னேன்.

"அட, அதுக்காங்க," என்றார் அவர். "எங்கூட்லயும் ஒண்ணு ஓடுதுங்க. இந்தப் பக்கம் யாரூட்ல இல்ல?"

மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "கேபிள்ல கரண்ட் வராதுங்கய்யா. நான் எறங்கறதுக்கு முன்னால ஸ்டார்ட்டர்ல மூணு ஒயரையும் கழட்டி உட்டுப்போட்டுத்தான் வந்தனுங்க."

எனக்கு முதலில் புரியவில்லை. "எதுக்குக் கழட்டுனீங்க? பியூஸுதான் புடுங்கியாச்சே?"

"ஒண்ண ஸ்டார்ட்டர் மேல வெச்சுப்போட்டுப் போனீங்க. பாத்தனுங்க."

"பாத்தீங்களா? பாத்தா சொல்லக் கூடாதா தம்பி?"

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "உங்களுக்கு எப்படிங்க சொல்றது. பெரியவங்க. மூணுன்னு சத்தமா எண்ணுனீங்க. அப்பறம் நான் ரண்டுதானுங்க இருக்குதுன்னா நல்லாவாங்க இருக்கும்."

துண்டை இன்னொரு சுற்று இறுக்கிக்கொண்டார். பிறகு அவரே, "மேல நிக்கறவங்கள நம்பி எங்கூட்ல யாரும் எறங்கறதில்லீங்க. எங்க சித்தப்பன் ஒருத்தருதான் நம்பி எறங்குனாரு" என்றார். எந்தக் கிணற்றில், மேலே யார் நின்றது என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

இதற்குள் மனைவி அரிசி மாவுக் கையோடு வந்துவிட்டாள். "மாவு பாதியில நின்னுபோச்சுங்க. நனைச்ச அரிசிய என்ன பண்றது? கட்டை ஸ்டார்ட்டர் மேல கெடந்துது, எடுத்துச் சொருகி மெயினப் போட்டேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தவள், துண்டைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். கிரைண்டர் நின்றால் மூன்றாவது கட்டையைப் பார் என்று நாலு வருஷத்துக்கு முன் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். அன்று காலை ஆள் இறங்குகிறது, தொடாதே என்று சொல்ல மறந்தவனும் நான்தான்.

வாடகைக் கார் பிடித்துப் பொள்ளாச்சிக்குப் போனோம். இருபது கிலோமீட்டர். அவர் தலை என் தோளில் சாய்ந்திருந்தது. அவர் மூச்சை எண்ணிக்கொண்டு போனேன். எங்கள் அப்பா காலத்தில் அவருடைய அப்பா எங்கள் வீட்டு வாசலைத் தாண்டினதில்லை. அந்த நினைப்பு ஏன் அப்போது வந்தது என்று தெரியாது. வந்ததும் எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். மோதிர விரலில் எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. சுண்டுவிரலின் நுனிக்கணு நசுங்கி, அதை எடுத்துவிட வேண்டியிருந்தது. கட்டுப் போட்ட டாக்டர், "இது செட் ஆக ஆறு வாரம். அப்பறம் வெரல் மடங்கப் பழகணும்" என்றார். வேறு நாளாக இருந்தால் பன்னிரண்டோ பதினாறோ என்று அந்த அர்த்தத்தைக் கணக்கில் சேர்த்திருப்பேன். அன்று எனக்கு ஓடிய கணக்கு வேறு. காயில் கட்டுகிறவனுக்கு இரண்டு கையும் வேண்டும். செப்புக் கம்பியை இடது கையில் இழுவிசை குறையாமல் பிடித்து, வலது கையால் சுற்ற வேண்டும். மோதிர விரலும் சுண்டுவிரலும்தான் கம்பியை இறுக்கிப் பிடிக்கிற விரல்கள். அதை அவரே ஒரு முறை எனக்குக் காட்டியிருந்தார்.

அவர் மனைவி வந்தார். என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு பயம். புண் பழுத்துவிடுமோ, கையையே எடுக்கச் சொல்லிவிடுவார்களோ, காய்ச்சல் வந்துவிட்டதோ. தினமும் காலை எட்டு மணி பஸ்ஸில் கிணத்துக்கடவுக்குப் போய்க் கடை வாசலில் நிற்பேன். முதல் வாரம் கடை பூட்டியிருந்தது. இரண்டாவது வாரம் திறந்திருந்தது. உள்ளே அவர் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அவர் மனைவி காயில் கட்டிக்கொண்டிருந்தார். மெக்கானிக் ஒரு நாளில் கட்டுகிறதில் கால் பங்குதான் அந்த அம்மாவுக்கு முடிந்தது. கை வேகம் வரவில்லை. வந்த மோட்டார்கள் வாசலில் வரிசையாகக் கிடந்தன. சில நாளில் அந்த வரிசை குறைந்தது. கட்டி முடிந்ததால் அல்ல. வேறு கடைக்கு எடுத்துப் போய்விட்டார்கள்.

"எதுக்குங்கய்யா டெய்லி வாரீங்க," என்றார் ஒரு நாள். "வெரலு அங்கயேதான் இருக்குது. நான் எண்ணிச் சொல்றேன், நாலே முக்கால்."

அவர் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு கம்பியைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முப்பத்தொன்பதாவது நாள் கட்டைப் பிரித்தார்கள். மோதிர விரல் நேராக இல்லை. உள்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. மடங்கவும் இல்லை. டாக்டர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கிக்கொண்டே இருக்கச் சொன்னார். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். அவர் அமுக்கினார். பந்து கொஞ்சம்கூட நெளியவில்லை. நாலு நாள் அப்படித்தான். ஐந்தாவது நாள் கடைக்குப் போனபோது, பந்தை ஓரமாக வைத்துவிட்டு, அவர் செப்புக் கம்பியை விரலிடுக்கில் போட்டு இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பி நழுவியது. மறுபடி போட்டார். மறுபடி நழுவியது. பதினொரு முறை நழுவினதை வாசலில் நின்று பார்த்தேன். பன்னிரண்டாவது முறை நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் உள்ளே போகாமல் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்று ராத்திரி ஐப்பசிக்குப் பிறகு முதல் முறையாக விடியும்வரை தூங்கினேன்.

ஐம்பத்தெட்டாவது நாள் அவர் முழு வேலைக்குத் திரும்பினார். அன்று நான் போய், எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். பெரிய தொகையாகக் கேட்பார் என்று பயம். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று அதைவிடப் பெரிய பயம். அப்படிச் சொல்லியிருந்தால் அது பழைய காலத்துப் பேச்சாகப் போயிருக்கும். அதை நான் தாங்கியிருக்கமாட்டேன்.

அவர் இரண்டையும் செய்யவில்லை. "அம்பத்தெட்டு நாள். ஒரு நாளைக்கு நூத்தி இருவது எனக்கு நிக்குமுங்க. அந்தக் கணக்குக்குக் குடுங்க. ஆஸ்பத்திரிச் செலவு நீங்களே பாத்துட்டீங்க. வெரலுக்குன்னு தனியா எதும் வேண்டாமுங்க, அதுக்கு ரேட்டு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது."

"அந்த ஒயர எடுத்துட்டேன் தம்பி" என்றேன். அவர் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன்.

"நல்லதுங்க" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, என் முகத்தைப் பார்க்காமல், "ஐயா, ஒண்ணு சொல்லட்டுங்களா? உங்க செருப்பு மாறிக் கெடக்குது. வலது எடதுல போட்டுருக்கீங்க" என்றார்.

குனிந்து பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. சொன்னதற்கு நன்றி என்றேன். மாற்றிப் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.

பாறையில் இடித்ததில் பம்பின் உறை விரிசல் விட்டிருந்தது. அதை மாற்ற வேண்டியிருந்தது. அதற்கும், ஆஸ்பத்திரிக்கும், காருக்கும், அன்றைய கூலிக்கும், ஐம்பத்தெட்டு நாளுக்கும் சேர்த்து எனக்கு மொத்தம் ஆன செலவு பன்னிரண்டாயிரத்து நூற்று இருபத்தைந்து ரூபாய்.